ரப்பர் விரிப்புக்கு அடியில் இழுப்பது எது?

அன்புள்ள ஐயா,

இழுத்துக் கட்டிய ரப்பர் விரிப்பின் நடுவே கனமான குண்டை வைத்தால் அது குழியும், அருகே விட்ட கோலி அக்குழியைச் சுற்றி உருளும், சூரியனைக் கோள்கள் சுற்றுவதும் இப்படித்தான் என்று ஈர்ப்பு பற்றிய கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "குண்டு கீழே அமுங்குவதே பூமி இழுப்பதால்தானே, அப்புறம் இது எப்படி ஈர்ப்புக்கு விளக்கமாகும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தகைய உவமைகள் வாசகரை ஏமாற்றுவதாகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கேட்டது முற்றிலும் சரி. எடையை உணரமுடியாத விண்வெளி நிலையத்துக்குள் அதே விரிப்பைக் கட்டினால் குண்டு அமுங்காது, கோலியும் நேரே போய்விடும். பள்ளிகளில் நான்கு மாணவர்களை ஒரு துப்பட்டாவின் முனைகளைப் பிடிக்கச் சொல்லி நானே பலமுறை இதைச் செய்துகாட்டியிருக்கிறேன். ஒருவரும் இப்படி மடக்கியதில்லை.

தொல்காப்பியம் உவமையை வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்காகப் பகுக்கிறது. வளைந்த பரப்பில் செல்லும் பொருளின் பாதையும் வளையும் என்று கண்ணுக்குக் காட்டுவதோடு ரப்பர் விரிப்பின் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே அது மெய் உவமை. ஈர்ப்பு இயங்குவதே இப்படித்தான் என்று அதை வினை உவமையாக்கியது என் பிழை.

அந்த விரிப்பில் காலத்துக்கு இடமே இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. ஈர்ப்பை வளைவாக விளக்கும் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் வெளியோடு காலமும் சேர்ந்தே வளைகிறது. மரத்திலிருந்து மாங்காய் விழுவதற்கு, தரையை நெருங்க நெருங்கக் காலம் மிகமிகச் சிறிதளவு மெதுவாக ஓடுவதே ஏறக்குறைய முழுக் காரணம். ஒளியின் விஷயத்தில் மட்டும் வெளியின் வளைவுக்கும் சம பங்கு உண்டு. சூரியனை உரசிச் செல்லும் ஒளி 0.83 வில்நொடி (ஒரு பாகையில் 3600 வில்நொடிகள்) விலகும் என்று 1911-இல் கணக்கிட்ட ஐன்ஸ்டைனுக்கு, 1915-இல் வெளியின் வளைவையும் சேர்த்தபோது 1.7 என்று விடை வந்தது. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது எடுத்த அளவுகளும் இரண்டாம் எண்ணையே ஆதரித்தன.

மகளிடம் கைப்பேசியைக் காட்டிச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம், உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் நாளுக்கு 45 மைக்ரோ நொடி (ஒரு நொடியில் பத்து லட்சம் மைக்ரோ நொடிகள்) முந்துகிறது, வேகத்தால் 7 மைக்ரோ நொடி பிந்துகிறது. மிச்சமுள்ள 38-ஐச் சரிசெய்த பிறகே வரைபடத்தில் நம் தெரு சரியாகத் தெரிகிறது.

உவமையே ஏமாற்று என்று நான் ஒப்பமாட்டேன். அது எங்கே நின்றுவிடுகிறது என்பதை மறைப்பதுதான் ஏமாற்று. விரிப்பு இல்லாமல் 'வளைவு' என்ற சொல்லே பலருக்கு வெறும் ஓசையாகிவிடும் என்பதால் கட்டுரையிலிருந்து அதை நீக்கவில்லை. அதற்கு நேர் கீழே உங்கள் மகளின் கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்.