வார் ‘பாட்’ (தானாகத் தகவல் திரட்டிச் சொல்லும் நிரல்) ஒன்றுக்குக் காசு கொடுக்கலாமா? உளவு பாட் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் கைபேசி விளையாட்டில் எங்கள் கிளானில் (ஆட்டக் குழுவில்) 38 பேர் இருக்கிறோம். எதிரி கிளானை உளவு பார்த்துச் சொல்லும் வாட்ஸ்அப் பாட் என்று ஒருவர் ஆண்டுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். எதிரியின் பேஸ் (ஊர்) அமைப்பு, மறைந்திருக்கும் பொறிகள், கிளான் காசில் என்ற கோட்டைக்குள் இருக்கும் படை எல்லாமே தெரியுமாம். வாங்கலாமா?

வேண்டாம். அவர் சொல்லும் மூன்றில் ஒன்று ஏற்கெனவே உங்கள் கையில் இலவசமாக இருக்கிறது. மற்ற இரண்டும் நேர்வழியில் நடக்கும் எந்தப் பாட்டுக்கும் கிடைக்காது.

இந்த விளையாட்டைத் தயாரிக்கும் சூப்பர்செல் நிறுவனம் வெளியாட்கள் பயன்படுத்த ஓர் ஏபிஐ (பிற நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வழி) திறந்து வைத்திருக்கிறது. பெயர்பெற்ற பாட்கள் எல்லாம் அந்த ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கின்றன. ஒருவரின் டேக்கை (கணக்கின் அடையாளக் குறியை) கொடுத்தால் டவுன்ஹால் மட்டம், ஹீரோ, படை, ஸ்பெல் ஆகியவற்றின் மட்டங்கள், கோப்பை, வாரில் (கிளான்களுக்கு இடையிலான போரில்) இதுவரை எடுத்த ஸ்டார், டொனேஷன் (மற்றவர்களுக்குக் கொடுத்த படை), வாருக்குப் பச்சையா (வருகிறார்) சிவப்பா (வரவில்லை) என்பது வரை வரும். பேஸ் வரைபடம் வராது. தற்காப்புக் கட்டடங்களின் மட்டம், சுவர், பொறி, காசில் படை, சேர்த்து வைத்த தங்கம், கிளான் சாட் எதுவும் வராது.

அந்த ஆள் கடைசியாக எப்போது ஆடினார் என்பதும் வராது. பல பாட்கள் அதைக் காட்டுகின்றனவே என்றால், அது ஊகம். நேற்று 420 என்றிருந்த டொனேஷன் எண் இன்று மாலை 450 ஆகியிருந்தால், இடையில் ஆள் வந்து போயிருக்கிறார் என்று கணக்குப் போடுகிறது. விளையாட்டைத் திறந்து எதையும் தொடாமல் மூடியவரை எந்தப் பாட்டும் பிடிக்காது.

பேஸ் அமைப்புக்கு வருவோம். வாரில் 23 மணி நேரம் பிரெப் டே (தயாராகும் நேரம்), பிறகு 24 மணி நேரம் பேட்டில் டே (சண்டை நேரம்). பிரெப் டேயிலேயே எதிரியின் ஒவ்வொரு வார் பேஸையும் நீங்களே தொட்டுத் திறந்து பார்க்கலாம். பொறியும் மறைந்திருக்கும் டெஸ்லா கோபுரமும் காசில் படையும் மட்டும் தெரியாது. எதிரி அந்த 23 மணி நேரமும் பேஸை மாற்றலாம் என்பதால் முதல் மணி நேரத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பித் திட்டம் போடுவது வீண். கடைசி ஒரு மணி நேரத்தில் எடுங்கள்.

பொறியையும் காசில் படையையும் உண்மையிலேயே காட்டும் கருவி என்று ஒன்று இருந்தால் அது விளையாட்டுச் செயலியையே திருத்திச் செய்தது. சூப்பர்செல் விதிப்படி அது தடை செய்யப்பட்ட மூன்றாம் தரப்பு மென்பொருள். பயன்படுத்தினால் கணக்கே நிரந்தரமாகப் போகலாம்.

வாட்ஸ்அப் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாட் எண்ணைக் குழுவில் சேர்த்த நிமிடம் முதல் 38 பேரின் கைபேசி எண்ணும், அதன்பின் எழுதும் ஒவ்வொரு வரியும் பாட் நடத்துபவர் கைக்குப் போகும். டெலிகிராம் குழுவில் ஒரு பாட்டைச் சேர்த்தால், அதன் இயல்பான அமைப்பில், சாய்கோடு போட்டுத் தொடங்கும் கட்டளைகளும் அதற்கான மறுமொழிகளும்தான் அதற்குத் தெரியும். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் கைபேசி எண் வெளியே தெரிவதே இல்லை. ஒரே பாட் மூன்று இடத்திலும் கிடைத்தால் வாட்ஸ்அப்பைக் கடைசியில் வையுங்கள்.

கேள்வி: எல்லாப் பாட்டுக்கும் ஒரே தகவல்தான் என்றால், இலவசப் பாட் போதாதா? பணம் கொடுத்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்?

ஞாபகம். அதற்குத்தான் விலை.

கிளானின் வார் லாகை (வார் பதிவேட்டை) ஏபிஐயில் கேட்டால், பழைய வார்களில் இரு தரப்பும் எடுத்த மொத்த ஸ்டார், அழிவு சதவீதம் போன்ற கூட்டுத்தொகைதான் வரும். எந்த ஆள் எந்த பேஸை அடித்து எத்தனை ஸ்டார் எடுத்தார் என்ற விவரம், சாதாரண வார்களில், நடப்பு வாருக்கு மட்டும் உண்டு. வார் முடிந்து அடுத்தது தொடங்கினால் அது போய்விடும். யாராவது அப்போதே எடுத்துச் சேமித்திருந்தால்தான் உண்டு. ஆக, போன மாதம் தொடங்கிய பாட் எவ்வளவு அழகான வரைபடம் போட்டாலும், எதிரி அணியின் மூன்றாம் எண் ஆள் எப்படி அடிப்பார் என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஐந்தாறு ஆண்டுகளாக லட்சக்கணக்கில் வார்களைச் சேமித்த பாட்டுக்குத் தெரியும்.

விற்பவரிடம் எத்தனை வசதி இருக்கிறது என்று கேட்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து வார் பதிவு இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு சோதியுங்கள்: உங்கள் கிளானில் பழைய ஆள் ஒருவரின் டேக்கைக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு முந்தைய அட்டாக்குகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று உங்கள் நினைவோடு ஒத்துப்போகும், இல்லையென்றால் வெற்றுப் பட்டியல் வரும்.

ஒத்துப்போனாலும் எண்ணைப் படிக்கும் விதம் ஒன்று இருக்கிறது. தன் டவுன்ஹால் மட்டத்திலேயே இருக்கும் பேஸை ஒருவர் எத்தனை முறை மூன்று ஸ்டார் எடுத்தார் என்பதுதான் உளவில் முக்கியமான எண். பாட் ஒருவருக்கு 75 சதவீதம் என்றும் இன்னொருவருக்கு 65 சதவீதம் என்றும் காட்டும். திறந்து பார்த்தால் முதலாமவர் 8 அட்டாக்கில் 6, இரண்டாமவர் 40 அட்டாக்கில் 26. பயப்பட வேண்டியது இரண்டாமவருக்குத்தான். 8 அட்டாக் என்பது லீக் (கிளான்களின் போட்டித் தொடர்) நடக்கும் ஒரு வாரத்தின் 7 அட்டாக்கைவிட ஒன்றே ஒன்று அதிகம், அதிர்ஷ்டம் அதற்குள் அடங்கிவிடும். சதவீதத்தை மட்டும் காட்டி எண்ணிக்கையை மறைக்கும் பாட் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். தன்னைவிடக் கீழ் டவுன்ஹாலை அடித்த ஸ்டார்களையும் சேர்த்துக் கூட்டிக் காட்டும் பாட்டும் அப்படித்தான்.

எங்கள் கருத்து: ஒரு கிளானுக்கு இலவச டிஸ்கார்ட் பாட் தாராளமாகப் போதும். நான்கைந்து கிளான்களைச் சேர்த்து நடத்தி, லீக் அணியைப் பதிவு பார்த்துப் பொறுக்குபவர்களுக்குத்தான் கட்டணத்துக்குப் பொருள் இருக்கிறது. வாழ்நாள் சந்தா என்று வந்தால், அது பாட்டின் வாழ்நாள்.

கேள்வி: கணக்கை இணைக்க பாட் ஒரு டோக்கன் கேட்கிறது. கொடுத்தால் கணக்கு போய்விடாதா?

எந்த டோக்கன் என்பதைப் பொறுத்தது. விளையாட்டுக்குள் செட்டிங்ஸ், அதில் மோர் செட்டிங்ஸ் போய் அடிவரை தள்ளினால் ஏபிஐ டோக்கன் என்று சிறிய எழுத்துக் கோவை ஒன்று இருக்கும். இந்தக் கணக்கு உங்களுடையதுதான் என்று காட்ட மட்டுமே அது பயன்படும். ஒருமுறை சரிபார்த்தால் மாறிவிடும், அதை வைத்து யாரும் உள்ளே நுழைய முடியாது. கொடுக்கலாம்.

சூப்பர்செல் ஐடிக்காக உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் 6 இலக்க எண் வேறு. அது வீட்டுச் சாவி. அதைக் கேட்கும் பாட்டை அந்த நொடியே வெளியேற்றுங்கள்.

கேள்வி: ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ், லார்ட்ஸ் மொபைல் போன்ற விளையாட்டுகளுக்கு, எதிரி நகரம் வரைபடத்தில் எந்த ஆயத்தொலைவில் இருக்கிறது, ஷீல்ட் (தாக்குதலைத் தடுக்கும் கவசம்) எப்போது இறங்கியது என்று சாட்டில் உடனுக்குடன் சொல்லும் பாட் மாதச் சந்தாவில் கிடைக்கிறது. நம்பலாமா?

கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் கம்பெனியே கதவைத் திறந்து தகவல் தருகிறது. இங்கே பாட் சுவரேறிக் குதிக்கிறது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். கணினியில் எமுலேட்டர் (கைபேசி போல நடிக்கும் மென்பொருள்) போட்டு, அதில் ஒரு போலிக் கணக்கை ஓடவிட்டு, வரைபடத்தைக் கட்டம் கட்டமாக நகர்த்திப் படம் பிடித்து, படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படித்து அட்டவணையில் ஏற்றுகிறது. சிலர் படத்தை விட்டுவிட்டு, செயலிக்கும் சர்வருக்கும் இடையில் போகும் தகவலையே வழிமறிக்கிறார்கள். இரண்டுமே விளையாட்டு நிறுவனங்களின் விதிமுறைக்கு எதிரானவை. போலிக் கணக்கு மாட்டினால் பாட் அன்றோடு குருடு. கட்டிய சந்தா கட்டியதுதான்.

மாட்டாவிட்டாலும் தகவல் பழசு. வரைபடத்தை ஒரு சுற்று சுற்றி வர 40 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். ‘ஷீல்ட் இல்லை’ என்று உங்களுக்கு வரும் செய்தி, பார்த்த நேரத்திலிருந்து 40 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம். புது ஷீல்ட் போடவும் நகரத்தை வேறிடத்துக்கு டெலிபோர்ட் செய்யவும் சில நொடி போதும். அந்தச் செய்தியை நம்பி ராலி (கூட்டுப் படையெடுப்பு) கூட்டினால் காலி நிலத்தை நோக்கிப் படை போகும். செய்தியில் ‘பார்த்த நேரம்’ தனியாக இல்லை என்றால் அது உளவே அல்ல, வதந்தி.

எழுத்தைப் படிப்பதிலும் பிழை வரும். 8 என்பது 3 ஆகும், 6 ஆகும். ஏழு எட்டு இலக்க பவர் (மொத்த பலம்) எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் எதிரி திடீரென்று பாதியாகச் சிறுத்துவிடுவார். சீன, அரபு எழுத்துப் பெயர்கள் இன்னும் மோசம். ரைஸ் ஆஃப் கிங்டம்ஸில் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கவர்னர் ஐடி மாறாது. ஐடியை வைத்துப் பொருத்தாமல் பெயரை வைத்துப் பொருத்தும் பாட், ஒரே ஆளை இரண்டு எதிரிகளாக எண்ணிவிடும்.

கையால் செய்வதற்குத் தடை இல்லை. கேவிகே (ராஜ்யங்களுக்கு இடையிலான போர்) தொடங்கும் முன் எதிரணியின் முதல் 50 பேரின் புரொஃபைலைத் திறந்து பவர், கில் பாயிண்ட், உள்ளே போய் இறப்பு எண்ணிக்கை மூன்றையும் விரிதாளில் குறியுங்கள். நான்கு பேர் பங்கு போட்டால் ஒரு மாலை வேலை. வாரம் கழித்து அதே 50 பேரை மறுபடி குறித்தால், யார் படையை இழந்து ஒதுங்கியிருக்கிறார், யார் இன்னும் முழுப் பலத்தோடு இருக்கிறார் என்பது கழித்தலில் தெரிந்துவிடும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இதே வகையைச் சேர்ந்த கிளாஷ் ஆஃப் கிங்ஸ் (கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் அல்ல) 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்த 118-ல் ஒன்று. அப்படிப்பட்ட விளையாட்டுக்கு விதிமீறிய பாட் வாங்கி ஏமாந்தால், புகார் மனுவை எந்த வரியில் தொடங்குவீர்கள்?

கேள்வி: பாட் சேர்த்தாயிற்று. ஆனால் வார் நினைவூட்டல் கண்ட நேரத்தில் வருகிறது, டிஸ்கார்டில் உறுப்பினர்களுக்கு ரோல் (பொறுப்புக் குறி) தருவதில்லை, சில நாள் ஒன்றுமே வருவதில்லை.

நேரம்: ஏபிஐ தருவது யூடிசி (உலகப் பொது) நேரம். நமக்கு 5.30 மணி நேரம் கூட்ட வேண்டும். நினைவூட்டல் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் பாட் அமைப்பில் நேர மண்டலத்தை மாற்றுங்கள். இலங்கைக்கும் இதே கணக்குத்தான்.

ரோல்: டிஸ்கார்டில் பாட்டின் ரோல், அது கொடுக்கவேண்டிய ரோலுக்கு மேலே இருக்க வேண்டும். சர்வர் செட்டிங்ஸில் ரோல்ஸ் பட்டியலைத் திறந்து பாட்டின் ரோலை இழுத்து மேலே வையுங்கள். பலர் இது புரியாமல் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தாலும் இந்த வரிசைச் சிக்கல் தீராது. சேனலைப் பார்க்க, செய்தி அனுப்ப, எம்பெட் (கட்டமிட்ட செய்தி) போட, ரோல் மேலாண்மை ஆகிய அனுமதிகளே பெரும்பாலும் போதும்.

ஒன்றும் வராதது: யாரோ ஒரு கோ-லீடர் வார் லாகைப் பிரைவேட் ஆக்கியிருப்பார். கிளான் செட்டிங்ஸில் பப்ளிக் ஆக்கினால் சரியாகும். விளையாட்டுக்குப் பராமரிப்பு நடக்கும் நேரத்தில் ஏபிஐயும் படுத்துவிடும், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கிளான் பையன் ஒருவன் வீட்டுக் கணினியில் எழுதி ஓட்டும் பாட் என்றால், ஏபிஐ சாவி ஐபி முகவரியோடு பூட்டப்பட்டது. பிராட்பேண்ட் ஐபி மாறிய அன்று பாட் நின்றுவிடும்.

டேக்கை ஏற்க மறுத்தால் எழுத்தைப் பாருங்கள். சூப்பர்செல் டேக்கில் வருவது 14 எழுத்துகளும் எண்களும்தான். அதில் ‘ஓ’ எழுத்தே கிடையாது, வட்டமாக இருப்பது பூஜ்யம்.

கேள்வி: பொதுவான ஏஐ சாட் செயலியிடம் எதிரி பேஸின் ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்து அட்டாக் திட்டம் கேட்கலாமா?

கேட்கலாம், பதில் சரளமாக வரும். ஆனால் படத்தில் கட்டடத்தின் மட்டத்தையும் திசையையும் அது அடிக்கடி தவறாகப் படிக்கிறது, படித்ததாகச் சொல்லிக் கற்பனையும் செய்கிறது. படத்தை விடுத்து, பாட் தந்த அட்டவணையை எழுத்தாக ஒட்டி, ‘எங்கள் 15 பேரையும் அவர்கள் 15 பேரையும் ஹீரோ மட்டப்படி ஜோடி சேர்’ என்று கேட்டால் உபயோகமாக இருக்கும். ஆளுக்கு இரண்டு வீதம் மொத்தம் 30 அட்டாக்கும் கணக்கில் வந்ததா, ஒரே ஆளுக்கு மூன்று போட்டிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: முன்பு வாங்கிய பாட் இரண்டு மாதமாகச் செத்துக் கிடக்கிறது. பணம் மட்டும் மாதாமாதம் போகிறது. எப்படி நிறுத்துவது?

யுபிஐ ஆட்டோபே என்றால் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு அறிவிப்பு வந்திருக்க வேண்டும். உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அந்த மேண்டேட்டை (தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை) நீங்களே ரத்து செய்யலாம், விற்றவர் சம்மதம் தேவையில்லை. அட்டையில் போகிறது என்றால் வாங்கிய தளத்தில் சந்தாவை ரத்து செய்யுங்கள், வங்கிச் செயலியிலும் அந்த அட்டையின் தொடர் கட்டளையை நீக்குங்கள்.

போன இரண்டு மாதப் பணத்துக்கு: பாட் பதில் தராத கட்டளைகளின் ஸ்கிரீன்ஷாட் தேதியோடு, கட்டணம் போன வங்கிக் குறுஞ்செய்தி, விற்றவர் கொடுத்த வாக்குறுதி மூன்றையும் சேர்த்து முதலில் அவருக்கே எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்கியதும் எண்ணை பிளாக் செய்துவிட்டுப் போனவர் என்றால் அது மோசடி, இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், தாமதிக்காமல். கூடவே பாட்டை டிஸ்கார்ட் சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள். சந்தாவை நிறுத்தினாலும் கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும்.