மூன்றரை மணி நேரமும் நிற்க வேண்டுமா? டெக்சாஸ் ஏ அண்ட் எம் மைதானத்துக்குப் போகும் பெற்றோருக்கு

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். நவம்பரில் நானும் என் கணவரும் அவனைப் பார்க்கப் போகிறோம். கல்லூரி ஃபுட்பால் மேட்ச் ஒன்றுக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொல்கிறான். "ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டேதான் பார்க்கணும் அம்மா, உட்காரக் கூடாது" என்கிறான். கணவருக்கு 63 வயது, முழங்கால் வலி உண்டு. இது என்ன வழக்கம்? எங்களால் முடியுமா? அந்த ஆட்டமும் எங்களுக்குத் தெரியாது. என்ன தெரிந்துகொண்டு போனால் நல்லது? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்:

முதலில் முழங்கால் விஷயத்தை முடித்துவிடுவோம், சகோதரி. உங்கள் மகன் சொல்வது உண்மைதான், ஆனால் மைதானம் முழுவதற்கும் அது பொருந்தாது. கைல் ஃபீல்ட் என்ற அந்த மைதானத்தில் கிழக்குப் பக்கம் மாணவர்களுடையது. அங்கே இடம் என்றால் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம்வரை நிற்க வேண்டும். நீங்கள் மட்டும் உட்கார்ந்தாலும் முன்வரிசைக்காரர்களின் முதுகுதான் தெரியும். மேற்குப் பக்கம் பெரும்பாலும் பழைய மாணவர்களும் குடும்பங்களும் இருக்கிற இடம். அங்கே தாராளமாக உட்காரலாம், முக்கியமான கட்டங்களில் மட்டும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

அதனால் இன்றே மகனிடம் கேளுங்கள்: டிக்கெட் எந்தப் பக்கம்? அவனுடைய மாணவர் பாஸோடு சேர்த்து விருந்தினர் சீட்டு வாங்கியிருந்தால் அது கிழக்குப் பக்கமாகத்தான் இருக்கும். உங்கள் இருவருக்கும் மேற்குப் பக்கம், கீழ் அடுக்கில் மாற்றித் தரச் சொல்லுங்கள். அவன் தன் நண்பர்களோடு நிற்கட்டும். அவனைக் கூடவே உட்கார வைக்காதீர்கள். அவன் ஏன் நிற்க ஆசைப்படுகிறான் என்று தெரிந்தால் உங்களுக்கும் அதில் வருத்தம் இருக்காது.

நம் ஊரில் பன்னிரண்டாவது ஆள் என்றால் கிரிக்கெட்டில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர். அங்கே அந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதையே வேறு. 1922 ஜனவரி 2ஆம் தேதி டாலஸ் நகரில் ஒரு ஆட்டம். எதிரே சென்டர் காலேஜ். சில மாதங்களுக்கு முன்புதான் ஹார்வர்டையே தோற்கடித்திருந்த அணி அது. ஆட்டம் போகப் போக ஏ அண்ட் எம் வீரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியே வந்தார்கள். மாற்று ஆட்கள் தீர்ந்துபோகும் நிலை. பயிற்சியாளர் டேனா பைபிளுக்கு மேலே பத்திரிகையாளர் இருக்கும் இடத்தில் ஒரு மாணவன் இருப்பது நினைவுக்கு வந்தது. பெயர் கிங் கில். ஃபுட்பால் அணியில் இருந்துவிட்டு, பாஸ்கெட்பால் விளையாடுவதற்காக விலகியவன். அன்றைக்குச் சாதாரண உடையில் வந்து, எந்த வீரர் யார் என்று நிருபர்களுக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டதும் இறங்கி வந்தான். அடிபட்ட ஒரு வீரரின் சீருடையை, கேலரிக்கு அடியில் நின்று மாற்றிக்கொண்டான். அப்புறம் மைதானத்தின் ஓரத்தில் போய் நின்றான். ஆட்டம் முடியும்வரை நின்றான். அவனை இறக்க வேண்டிய அவசியம் வரவே இல்லை. ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது. ஒரு நிமிடம்கூட ஆடாமல், ஒரு புள்ளிகூட எடுக்காமல் நின்ற அந்தப் பையனுக்குத்தான் இன்று மைதானத்துக்கு வெளியே சிலை இருக்கிறது. பின்னாளில் அவர் டாக்டர் ஆனார்.

களத்தில் பதினொரு பேர், கூப்பிட்டால் இறங்கத் தயாராக நிற்கிற மாணவர் கூட்டம் பன்னிரண்டாவது ஆள். இதுதான் அவர்கள் நிற்பதற்கு அர்த்தம். ஆட்டத்தில் சூடு பிடித்தால் எழுந்து நிற்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அணி 30 புள்ளி பின்தங்கி, மழை கொட்டினாலும் நிற்பார்கள். 1983இல் ஜாக்கி ஷெரில் என்ற பயிற்சியாளர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். உதவித்தொகை எதுவும் வாங்காத சாதாரண மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, சொந்த மைதானத்து ஆட்டங்களில் கிக்ஆஃப் சமயத்தில், அதாவது பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது, களத்தில் இறக்கினார். இன்றும் 12ஆம் எண் சட்டை அப்படி உதவித்தொகை இல்லாமல் சேர்ந்த ஒரு வீரருக்குத்தான். உங்கள் கணவரிடம் சொல்லி வையுங்கள், 12ஐத் தேடிப் பார்க்கட்டும். பன்னிரண்டாவது ஆள் என்ற பெயரைப் பல்கலைக்கழகம் வணிகச் சின்னமாகவே பதிவு செய்திருக்கிறது. சியாட்டில் நகரத்துத் தொழில்முறை அணி அதைப் பயன்படுத்தியபோது 2006இல் வழக்குப் போட்டு, பிறகு சமரசம் ஆனது.

சரி, ஆட்டம். காலால் உதைக்கிற நம்ம ஊர் ஃபுட்பாலை மறந்துவிடுங்கள். கபடியையும் கயிறு இழுக்கும் போட்டியையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள், பாதி புரிந்துவிடும். பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று. கடிகாரப்படி 60 நிமிடம்தான், ஆனால் அது அடிக்கடி நிற்பதால் மூன்றரை மணி நேரம் ஓடிவிடும். முதல் தடவைக்கு இவ்வளவு போதும்.

அந்தக் கல்லூரியைப் பற்றி ஒன்று தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். 1876இல் விவசாயமும் இயந்திரவியலும் கற்பிக்கத் தொடங்கிய இடம் அது. மாணவர்கள் அனைவரும் ராணுவப் பயிற்சிப் படையில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி 1965 வரை இருந்தது. ஃபுட்பால் தொடங்கியது 1894இல். மைதானத்துக்குப் பெயர் கொடுத்த எட்வின் கைல் ஒரு விவசாயப் பேராசிரியர். கல்லூரிப் பண்ணை நிலத்தில் ஒரு துண்டை வேலி போட்டு ஆட்டத்துக்கு ஒதுக்கியவர் அவர். அங்கே இப்போது 102,733 பேர் உட்காரும் மைதானம் நிற்கிறது. வழக்கங்கள் பலவற்றில் ராணுவ வாடை வீசுவதற்குக் காரணம் இதுதான். இடைவேளையில் பாண்டு வாத்தியக் குழு வரும்போது இருக்கையை விட்டு எழுந்து போகாதீர்கள். ஏறக்குறைய 400 பேர், அமெரிக்காவிலேயே மிகப் பெரிய ராணுவ அணிவகுப்புப் பாண்டு அது. ஒருவரை ஒருவர் ஊடுருவி நடந்து, சட்டென்று நேர் கோடாக நிற்பதைப் பார்க்கவே நான் டிக்கெட் வாங்குவேன்.

இங்கே ஆடிப்பாடும் சியர்லீடர்கள் கிடையாது. வெள்ளை உடுத்திய ஐந்து பேர் நிற்பார்கள், மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்கள் கையால் ஒரு சைகை காட்டுவார்கள். கீழ்வரிசை அதைப் பார்த்துத் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்ட, அது வரிசை வரிசையாக மேலே ஏறி மூன்றாவது அடுக்குவரை போகும். பிறகு எல்லாரும் முழங்காலில் கைவைத்துக் குனிந்து ஒரே குரலில் கத்துவார்கள். குனிந்தால் வயிற்றிலிருந்து சத்தம் வரும் என்பது கணக்கு. உங்கள் கணவர் குனிய வேண்டாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இதற்கு ஒத்திகையும் உண்டு. உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12 மணிக்கு, அதே மைதானத்தில். கட்டணம் கிடையாது. தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை, போய் வாருங்கள். ஒரு சமாச்சாரம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒத்திகையின் முடிவில் விளக்கை அணைத்ததும், அப்புறம் மறுநாள் அணி புள்ளி எடுக்கும்போதும், ஜோடியாக வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்வது பழைய வழக்கம். உங்கள் மகன் அந்த நேரம் பார்த்துக் கூச்சத்தில் வேறு பக்கம் திரும்பினால் காரணம் அதுதான்.

அவர்களுடைய போர்ப் பாட்டை எழுதியவர் பிங்கி வில்சன் என்ற பழைய மாணவர். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் காவல் நின்றபோது எழுதியது. பாட்டின் கடைசியில் பக்கத்தில் இருப்பவர் தோளில் கைபோட்டு எல்லாரும் இடமும் வலமுமாக அசைவார்கள். ஒரு வரிசை இடப்பக்கம் போனால் அடுத்த வரிசை வலப்பக்கம். மேல் அடுக்கில் நின்று பாருங்கள், காலுக்குக் கீழே கான்கிரீட் லேசாக ஆடுவது தெரியும். முதல் தடவை எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்ததைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளில் கைபோட்டு அசைக்கத் தொடங்கினார். அந்த அசைவு மாட்டுக் கொம்பை ரம்பத்தால் அறுப்பதைக் காட்டுகிறது. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழக அணியின் சின்னம் நீண்ட கொம்பு மாடு. அன்று எதிரே ஆடுவது யாராக இருந்தாலும் பாட்டு அந்த ஒரு அணியைப் பற்றித்தான்.

அந்தப் பகை 1894இல் தொடங்கியது. 2011இல் கடைசி உதையில் டெக்சாஸ் 27-25 என்று ஜெயித்ததோடு ஆட்டமே நின்றுபோனது, காரணம் ஏ அண்ட் எம் 2012இல் வேறு லீகுக்கு மாறிவிட்டது. டெக்சாஸும் அதே லீகுக்கு வந்த பிறகு, 2024 நவம்பர் 30இல் கைல் ஃபீல்டில் மறுபடி மோதினார்கள். 17-7 என்று டெக்சாஸ் ஜெயித்தது. ஆகையால் உடை விஷயத்தில் கவனம்: அந்த அணியின் நிறம் செங்கல் மாதிரியான ஆரஞ்சு. காவி, ஆரஞ்சு எதுவும் வேண்டாம். ஏ அண்ட் எம் நிறம் நம்ம அரக்குதான். உங்களிடம் அரக்குச் சேலை இல்லாமலா இருக்கும்? அதையே கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் காலுக்கு ஷூ போடுங்கள். படிகள் செங்குத்து, நடை அதிகம்.

பை விஷயமும் முக்கியம். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரியான பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிப்பார்கள், கையகல பர்ஸ் தவிர. தோளில் மாட்டும் பெரிய கைப்பை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருந்து கொண்டுபோவதாக இருந்தால் அதற்கான விதியை மகனை முன்பே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் பகலில் இரண்டு இடம் பாருங்கள். மைதானத்தின் வடக்குப் பக்கம், பல்கலைக்கழகத்தின் சின்னமாக வளர்க்கிற ரெவெலி என்ற நாய்களின் கல்லறை. 1931இல் இரவில் காரில் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் ஒரு தெருநாயை இடித்துவிட்டு, மனம் கேட்காமல் விடுதிக்குத் தூக்கி வந்தார்கள். காலையில் எழுப்பும் ஊதுகுழல் ஒலித்ததும் அது குரைத்தது, ஊதுகுழல் இசையின் பெயரே அதற்கும் பெயரானது. இப்போது இருப்பது கோலி இன நாய், பத்தாவது ரெவெலி. பயிற்சிப் படையில் அதற்குத்தான் மிக உயர்ந்த பதவி. வகுப்பில் அது குரைத்தால் வகுப்பு முடிந்தது என்பார்கள். இறந்துபோன ரெவெலிகளுக்கு ஆட்டத்தின் புள்ளி தெரிய வேண்டும் என்று கல்லறைக்கு எதிரே சின்னதாக ஒரு புள்ளிப் பலகையும் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு இடம் கனமானது. டெக்சாஸுடனான ஆட்டத்துக்கு முன் மரக்கட்டைகளை அடுக்கிப் பெருந்தீ மூட்டும் வழக்கம் 90 வருடங்களாக இருந்தது. கட்டை வெட்டுவதும் அடுக்குவதும் மாணவர்களே. 1999 நவம்பர் 18, அதிகாலை 2:42 மணிக்கு, ஐயாயிரம் கட்டைகள் கொண்ட அடுக்கு வேலை நடக்கும்போதே சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயம். மேல் அடுக்கின் கட்டைகளைக் கீழ் அடுக்குக்குள் ஆப்பு மாதிரி செருகியதும், சுற்றிக் கட்டிய கம்பி போதாததும் காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. அதைவிட முக்கியமாக, அதன் வடிவமைப்பைப் பொறியியல் முறைப்படி யாரும் மேற்பார்வை செய்யவில்லை என்றது. பொறியியலுக்குப் பேர்போன ஒரு கல்லூரியில்! எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. வழக்கம் என்று சொன்னாலே சரிபார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள். வளாகத்துக்குள் அதன் பிறகு தீ மூட்டவில்லை. ஒரு வாரத்தில் நடந்த ஆட்டத்தில் ஏ அண்ட் எம் 20-16 என்று ஜெயித்தது. இடைவேளையில் டெக்சாஸ் பாண்டுக்காரர்கள் இரங்கல் இசை வாசித்து, தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

அந்த இடத்தில் 2004இல் திறந்த நினைவிடம், வட்டமாக 12 வாசல்கள். ஒவ்வொரு வாசலும் இறந்துபோன ஒருவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. உள்ளே நின்றால் ஒரு பிள்ளையின் வீடு எந்தப் பக்கம் என்று தெரியும். பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பியிருக்கிற நீங்கள் அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. மெமோரியல் ஸ்டூடண்ட் சென்டர் என்ற கட்டடத்தைச் சுற்றி அழகான புல்வெளி இருக்கும். அதில் இறங்கி ஃபோட்டோ எடுக்காதீர்கள். போரில் இறந்த மாணவர்களின் நினைவாக அதை மிதிப்பதில்லை. உள்ளே போகும்போது தொப்பியையும் கழற்றிவிட வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டத்துக்குப் பயந்து உடனே கிளம்பாதீர்கள். எப்படியும் கார் ஒரு மணி நேரத்துக்கு நகராது. ஜெயித்திருந்தால், முதலாண்டு படைமாணவர்கள் அந்த வெள்ளை உடைக்காரர்களைத் துரத்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். தோற்றிருந்தால் மாணவர்கள் கலையாமல் அதே இடத்தில் நின்று, அடுத்த ஆட்டத்துக்கான ஒத்திகையை அப்போதே செய்வார்கள். உங்கள் மகன் கிழக்குப் பக்கம் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பான். மேற்கில் உங்கள் இருக்கையிலிருந்து நேர் எதிரே தெரியும், தேடிப் பாருங்கள்.