வாசகர் கேள்வி-பதில்: பழைய சபைக் கட்டடங்கள்

கே: தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கட்டியதுதான் இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் ஆலயமா? (வாசகர், மயிலாடுதுறை)

இல்லை. சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயம் 1680-லேயே பிரதிஷ்டையாகிவிட்டது. தரங்கம்பாடியிலேயே, அப்போது அவ்வூரை ஆண்ட டேனியர்களுக்கான (டென்மார்க்காரர்களுக்கான) சீயோன் ஆலயம் 1701-இல் எழுந்தது. சீகன்பால்க் கரையிறங்கியது 1706-இல். மறு ஆண்டே தமிழ்ச் சபைக்காக எருசலேம் ஆலயம் கட்டினார், அது நிலைக்கவில்லை. இன்று ராஜ வீதியில் நிற்பது 1718-இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் அந்த ஆண்டும், டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் பெயர்ச் சின்னமும், அதன்மேல் கிரீடமும் சுதையில் இருப்பதைப் பார்க்கலாம். தரைத்தளம் சிலுவை வடிவம். பிரசங்கத்தை மையமாகக் கொண்ட வழிபாட்டுக்கு இது வசதி: சிலுவையின் கைகள் கூடும் இடத்தில் நின்று பேசினால் கடைசி பெஞ்சுக்கும் குரல் எட்டும். நீள மண்டபத்தில் அது கடினம். 1719-இல் இறந்த சீகன்பால்கின் கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது.

கே: எங்கள் சபையின் பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினோம். இப்போது இடுப்பளவு உயரத்துக்கு உப்பு பூத்து உதிர்கிறது. மறுபடி பூசினால் நிற்குமா? (வாசகர், நாகப்பட்டினம்)

சிமெண்டே பூசினால் நிற்காது. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை வழியே அது ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைப்பதால் ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதை வெளியே தள்ளுகிறது. கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம்.

ஈரக்கறைக்கு ஒரு அடி மேல் வரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பும். சுவரை ஒட்டி வெளியே சிமெண்ட் தளம் போட்டிருந்தால் முதலில் அதை உடையுங்கள், அதுவும் ஈரத்தைச் சுவருக்குள் தள்ளும். பிறகு ஒரு கோடை முழுக்க உலர விடுங்கள். பண்டிகைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் பல சபைகளில் இந்த வேலை கெடுகிறது.

நீற்றிய சுண்ணாம்பை இரண்டு வாரமாவது ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று பங்கு ஆற்று மணல் சேருங்கள். கடற்கரை மணல் கூடாது. கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்ப்பது நம்மூர் வழக்கம். வெல்லம் கூடினால் காரை இறுகத் தாமதமாகும். ஒரு பூச்சுக்கு 12 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம். ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரம் நிழலில் வைத்திருங்கள். நேரடி வெயில் பட்டால் மயிரிழை வெடிப்பு விழும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் வேண்டாம்.

கே: தரையில் பதித்த கல்லறைக் கற்களின் எழுத்து தேய்ந்துவிட்டது. பாலிஷ் போடலாமா? (வாசகர், திருநெல்வேலி)

போட்டால் மிச்சமும் போய்விடும். ஆசிட் வேண்டவே வேண்டாம். மென்மையான பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் போதும். எழுத்தைப் படிக்க, இருட்டில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள்.