பெர்த் – லண்டன்: 10 மணி 20 நிமிடமா?

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் 10 மணி 20 நிமிடத்தில் போய்விடும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உண்மையில் 17 மணி 20 நிமிடம். மாலை 6.45-க்குப் பெர்த்தில் புறப்பாடு, மறுநாள் காலை 5.05-க்கு லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் என்பதை நேராகக் கழித்துவிட்டீர்கள் போல. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜூனில் லண்டன் 7 மணி நேரம் பின்தங்கியிருக்கும், அதையும் கூட்டுங்கள்.

சந்தேகமிருந்தால் தூரத்தை வகுத்துப் பாருங்கள். நேர்த்தூரம் சுமார் 14,500 கி.மீ. உங்கள் கணக்குப்படி விமானம் மணிக்கு 1,400 கி.மீ. பறக்க வேண்டும். ஒலியை மிஞ்சிய வேகம்! பயணிகள் விமானம் 900-ஐ ஒட்டித்தான் போகும்.

ஒன்று: அக்டோபர் கடைசி ஞாயிறு லண்டனில் கடிகாரத்தைப் பின்னே தள்ளுவார்கள், அப்புறம் வித்தியாசம் 8. பெர்த்தில் அந்த வழக்கமே இல்லை. எதிர்காற்றையும் வான்வழித் தடைகளையும் பொறுத்து நேரம் கூடலாம். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், பெரும்பாலும் அரை மணியாவது மிச்சம்.