பிரஷர் இருக்கிறது, டார்க் சாக்லேட் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை பார்டரில் இருக்கிறதாம். புதுச்சேரியில் வேலை பார்க்கும் மகள், "இதயத்துக்கு நல்லதும்மா" என்று வாராவாரம் டார்க் சாக்லேட் வாங்கி வருகிறாள். சாப்பிடலாமா டாக்டர்?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சாப்பிடலாம்மா, அளவோடு. மகள் சொன்னதில் உண்மை இருக்கிறது. கோகோவில் ஃபிளவனால் என்ற சத்து உண்டு. அது ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்ஸைடு சுரப்பதைக் கூட்டுகிறது. குழாய் தளர்ந்து விரிகிறது, பிரஷர் கொஞ்சம் இறங்குகிறது. கொஞ்சம் என்றால் சராசரியாக 2 புள்ளி. 150 இருப்பவருக்கு 148 ஆகும், அவ்வளவுதான். இதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட வயதானவர்களை வைத்து நடந்த கோகோ ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தத்தில் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதய நோயால் இறந்தவர்கள் மட்டும் குறைவு. அதிலும் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சாப்பிட்டது கோகோ சாறு அடைத்த மாத்திரை, சாக்லேட் இல்லை.

அதனால் மகள் அடுத்த முறை வாங்கி வந்ததும் உறையைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிடுவார்கள். முதல் பெயரே சர்க்கரை என்றால், கறுப்பாக இருந்தாலும் அது மிட்டாய்தான். 'வெஜிடபிள் ஃபேட்' என்று இருந்தால் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள். கோகோ 70 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதை வாங்கச் சொல்லுங்கள். அதில் 20 கிராம், அதாவது இரண்டு சின்னக் கட்டி, ஒரு நாளைக்குப் போதும். அதிலேயே ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரையும் 120 கலோரியும் இருக்கிறது. மில்க் சாக்லேட் என்றால் அதே அளவுக்குச் சர்க்கரை 10 கிராமைத் தாண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாயில் வைத்து மெல்லக் கரையவிடுங்கள். ராத்திரியில் வேண்டாம், நெஞ்சு எரியும், சிலருக்குத் தூக்கமும் கெடும். அப்புறம், நம் ஊர் வெயிலில் பஸ்ஸில் வரும்போதே உருகி இறுகி, மேலே வெள்ளை படிந்திருக்கும். அது பூஞ்சை இல்லை, கோகோ கொழுப்பு மேலே வந்து படிந்தது. பயப்படாமல் சாப்பிடலாம்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனையை ஒருமுறை எடுத்துவிடுங்கள். அது ஏறியிருந்தால் இந்த இரண்டு கட்டியையும் ஒன்றாகக் குறைக்க வேண்டியிருக்கும். டீயில் போடும் சர்க்கரையை அதற்கும் முன்னால் நிறுத்த வேண்டும்.