ஃப்ளஷிங்கின் தெருக்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மகனைப் பார்க்க நியூயார்க் போயிருந்தேன். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு மெயின் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தோம். எங்கும் சீன எழுத்துகள், சீன முகங்கள். பன்மைக்குப் பேர்போன நகரத்தில் ஒரே இனம் ஒரு பேட்டையையே வளைத்துக்கொண்டு உள்ளுக்குள் மூடிக்கொள்வது நெருடியது. நான் நினைப்பது தவறா?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

மனதில் பட்டதை மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. ஃப்ளஷிங்கில் நான் மூன்று வாரம் தங்கியிருக்கிறேன். சீனம் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல் நாள் எனக்கும் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் காய்கறிக் கடையில் ஒரு மூதாட்டி கீரையைக் காட்டி ஏதோ கேட்டார். கடைப்பெண் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை. இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பிச் சொல்லியும் பயனில்லை. கடைசியில் அந்தப் பெண் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டினாள். மூதாட்டி தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்தார். அது ஆறு என்பதற்கான சைகை என்று உடன் வந்த நண்பர் விளக்கினார். மூதாட்டி பேசியது காண்டனீஸ், அவள் பேசியது மாண்டரின். ஒன்று தெரிந்தவருக்கு மற்றது காதில் விழுந்தால் புரியாது. ஃபூஜோ, வென்ஜோ என்ற சீன நகரங்களிலிருந்து வந்தவர்கள் வீட்டில் பேசுவது வேறு.

மன்ஹாட்டனின் பழைய சைனாடவுன் காண்டனீஸ் பேசுபவர்களின் கோட்டை. 1970களில் வந்த, மாண்டரின் பேசும் தைவான்காரர்களுக்கு அங்கே மொழி ஒட்டவில்லை. அதனால்தான் அவர்களில் பலர் ஃப்ளஷிங்கைத் தேர்ந்தார்கள். வடசீனத்தார் பின்னால் வந்தார்கள். அவர்களோடு சீரகம் தூவிச் சுட்ட ஆட்டுக்கறியும் வந்தது, சீன முஸ்லிம்களின் ஹலால் உணவகங்களும் வந்தன. பெயர்ப்பலகையில்கூட இதைப் பார்க்கலாம். நூடுல்ஸ் என்பதற்கான பழைய எழுத்தில் கோதுமையைக் குறிக்கும் பகுதி ஒன்று உண்டு. தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சீனா எளிமைப்படுத்திய எழுத்தில் அந்தக் கோதுமை இல்லை. ஒரே தெருவில் இரண்டு விதமாகவும் எழுதியிருப்பார்கள்.

மூடிக்கொள்வது என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் எனக்கு வலித்தது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் நுழையக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. 1943இல்தான் அதை நீக்கினார்கள். அப்போதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம். மனைவி மக்களைக் கூட்டிவர வழியில்லாத ஆண்கள், வெளியே வசவும் அடியும் இருந்த காலத்தில், ஒரு சில தெருக்களுக்குள் ஒண்டி வாழ்ந்தார்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டம்தான் கதவைத் திறந்தது. நம்மவர்கள் பெருமளவில் அங்கே போனதும் அதே சட்டத்தால்தான். நீங்கள் கும்பிட்ட பிள்ளையாருக்கு 1977இல் குடமுழுக்கு நடந்தது.

அடுத்த முறை போகும்போது ஒரு நூடுல்ஸ் கடையில் உட்காருங்கள். அங்கே இருப்பவர்களிடம் எந்த ஊர் என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்டவர்களில் ஒருவர்கூட சீனா என்று சொல்லவில்லை. லான்ஜோ என்றார்கள், ஷென்யாங் என்றார்கள், ஒருவர் தாய்பே என்றார்.