ரோபோ வந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் எதற்கு?

'அப்பாவுக்குப் பக்கவாதம். பயிற்சி கொடுக்கும் ரோபோ, விஆர் (கணினி காட்டும் மாய உலகம்) எல்லாம் உள்ள சென்டரில் சேர்க்கலாமா, வீட்டுக்கு வரும் பிசியோவே போதுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை தண்டையார்பேட்டை பக்கம் 11 வருடமாக பிசியோ வேலைதான் பார்க்கிறேன்.

மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழுதான மூளை புது வழி பிடிக்க, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டும். நான் அலுத்துப்போவேன், ரோபோ அலுக்காது. ஆனாலும் பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, ரோபோவில் கைப்பயிற்சி எடுத்தவர்களின் கைப் பயன்பாடு கூடுதலாகத் தேறவில்லை. விலை கூடினால்தான் நல்ல சிகிச்சை என்றும் இல்லை. நம்ம ஊர்க்காரர், மூளை ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் வலிக்காக 1990களில் கொண்டுவந்த கண்ணாடிச் சிகிச்சைக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நல்ல கையின் பிம்பம், மற்ற கையே அசைவதுபோல மூளைக்குக் காட்டும். இன்று பக்கவாதத்துக்கும் அது பயன்படுகிறது.

காசிமேட்டுப் பெரியவர் ஒருவர், வலது கை விழுந்துவிட்டது. விரலை விரித்து மூடும் மோட்டார் கையுறையை மாட்டி, திரையில் ஆப்பிள் பறிக்க வைத்தோம். நாலாம் நாள், "ஆப்பிள் பறிச்சு யாருக்கும்மா குடுக்கப் போறேன்?" என்று கையை இழுத்துக்கொண்டார். அதுவரை நான் டேப்லெட்டில் கிராஃப் ஏறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு என் மேல்தான்.

அப்புறம் கையுறைப் பட்டையைக் கழற்றும்போது பேச்சுக் கொடுத்தேன். ஆள் தெரு கேரம் கிளப்பில் பழைய புலி. மறுநாள் மருமகள் போர்டைத் தூக்கிவந்தார். போரிக் பவுடர் தூவி ஸ்ட்ரைக்கரை வைத்தால், ஆள்காட்டி விரல் கட்டை விரலை விட்டு வர மறுக்கிறது. ஸ்ட்ரைக்கர் ஒரு அங்குலம் நகர்ந்தது. அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆனால் மறுநாள் அவரே கையுறையைக் கேட்டார்: "இருபது நிமிஷம் அதுல போடுமா, விரல் இளகட்டும், அப்புறம் ஆடுவோம்."

அதனால் சென்டரைப் பார்க்கப் போகும்போது, மெஷினில் உட்கார வைத்துவிட்டு பிசியோ பக்கத்திலேயே இருக்கிறாரா, போனைப் பார்க்கப் போய்விடுகிறாரா என்று கவனியுங்கள். அப்பா முன்பு கையால் என்ன செய்வார் என்று யாராவது கேட்கிறார்களா என்றும் பாருங்கள். கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பெரியவர் போன மாதம் ரெட் போட்டார். ஃபாலோ விட்டுவிட்டார்.